ரப்பர் விலை: 13 வருடம் கழித்து உடைந்த பழைய ரெக்கார்டு... இனி ஏறுமா, இறங்குமா?

2024 ஆகஸ்ட்டில் கோட்டயம் சந்தையில் ஆர்.எஸ்.எஸ்.-4 ரக ரப்பர் ஷீட்டின் விலை கிலோ 240 ரூபாயைத் தாண்டியது. 2011 ஏப்ரலில் தொட்ட உச்சத்தை முறியடிக்க 13 வருடம் ஆகியிருக்கிறது. ஆனா அந்த சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கல. சில மாதங்களிலேயே விலை 200 ரூபாய்க்குக் கீழே வந்துவிட்டது.

குலசேகரம் பக்கம் ஓர் ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவருக்கு இதில் பெரிய கேள்வி இருக்கிறது. வயசான மரத்தை வெட்டிட்டு மறுபடி ரப்பரே வைக்கலாமா, இல்ல வேற பயிருக்கு மாறிடலாமா? டயர் கம்பெனி ஷேர் வைத்திருப்பவருக்கும் இதே கவலைதான், தலைகீழாக. இதைப் புரிந்துகொள்ள ஒரு எண் போதும்: 7. நட்ட கன்று பால் தர ஏறக்குறைய அத்தனை வருடம் ஆகும்.

விலை ஏன் விழுந்தது?

2000-களில் சீனாவில் கார் விற்பனை எகிறியது. ரப்பர் விலையும் கூடவே ஏறியது. தாய்லாந்து, வியட்நாம், லாவோஸ், கம்போடியா என எல்லா இடத்திலும் கன்றுகளை நட்டுத் தள்ளினார்கள். அவை பால் தர ஆரம்பித்தபோது சீனாவின் வேகம் குறைந்திருந்தது.

அடுத்த அடி கச்சா எண்ணெயிலிருந்து வந்தது. 2014 நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த ஒரு பீப்பாய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. செயற்கை ரப்பர் பெட்ரோலியத்திலிருந்து தயாராவதால் அதுவும் மலிவானது. அப்போது கோட்டயத்தில் ரப்பர் கிலோ 100 ரூபாய்கூட தேறவில்லை.

அப்புறம் எப்படி ஏறியது?

விலை படுத்ததால் புது நடவு குறைந்தது. பால்வெட்டுக் கூலிக்கே கட்டாமல் பலர் வெட்டையே நிறுத்தினார்கள். கேரளத்தில் சிலர் ரம்புட்டானுக்கு மாறினார்கள். இந்தோனேசியாவில் இலை உதிர்வு நோயும் சேர்ந்துகொள்ள, உற்பத்தி குறைந்தது. இதன் விளைவு உடனே தெரியாது. வருடங்கள் கழித்துத்தான் தெரியும். 2024-ல் மோசமான வானிலையும் கப்பல் கன்டெய்னர் தட்டுப்பாடும் ஒன்றாக வர, விலை சட்டென்று தாவியது.

இந்தியாவில்தான் பற்றாக்குறை இருக்கே?

உண்மைதான். 2023-24-ல் நம் உற்பத்தி சுமார் 8.5 லட்சம் டன், தேவையோ 14 லட்சம் டன். ஆனா மீதியை இறக்குமதி செய்கிறோம். அதனால் பாங்காக்கில் விலை இறங்கினால், கோட்டயம் மட்டும் அதிக நாள் தாக்குப்பிடிக்க முடியாது.

இனி என்ன ஆகும்?

ஏற்றத்துக்குச் சாதகம்: விலை படுத்த காலத்தில் நடாமல் விட்ட கன்றுகளை இப்போது நினைத்தாலும் மரமாக்க முடியாது. தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் மரங்களுக்கு வயதாகிறது.

இறக்கத்துக்குச் சாதகம்: ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் உற்பத்தியில் வேகமாக முன்னேறுகிறது. நம் வடகிழக்கு மாநிலங்களிலும் மேற்கு வங்கத்திலும் 2 லட்சம் ஹெக்டேரில் ரப்பர் நடும் திட்டத்தை டயர் நிறுவனங்களின் நிதியுதவியோடு 2021-ல் தொடங்கினார்கள். முதல் கன்றுகள் 2028 வாக்கில் பால் தரத் தொடங்கும்.

இதோடு கச்சா எண்ணெய் விலை, சீனாவின் வாகன விற்பனை இரண்டையும் கவனிக்க வேண்டும்.

ஆக, பழைய 100 ரூபாய்க்கு விலை திரும்புவது கஷ்டம். அதே சமயம் 240 ரூபாயை நிரந்தரம் என்று நம்பி கணக்குப் போடுவதும் ஆபத்து. 2011-ல் உச்ச விலையைப் பார்த்து கன்று நட்டவர்கள் 2018 வாக்கில் முதல் பால் எடுத்தார்கள். அப்போது கிடைத்த விலை, அந்த உச்சத்தில் ஏறக்குறைய பாதிதான்.