பெரியப்பாவின் நாற்காலி... சித்தப்பாவோடு சண்டை! 23 ஆண்டுகள் போராடிய ஜோன்

1341 ஏப்ரல் 30. பிரான்சின் வடமேற்கு மூலையில் இருக்கும் பிரிட்டனியை ஆண்ட டியூக் மூன்றாம் ஜான் இறந்துபோனார். மூன்று திருமணம் செய்தும் பிள்ளை இல்லை. அடுத்து யார்?

உரிமை கோரியவர்கள் இருவர். ஒருவர், டியூக்கின் உடன்பிறந்த தம்பி மகள் ஜோன். அப்பா பத்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டதால், அவருடைய பங்கு தனக்கே என்றார். இன்னொருவர் மான்ட்ஃபோர்ட். டியூக்குடைய அப்பாவின் இரண்டாம் மனைவிக்குப் பிறந்தவர், ஜோனுக்குச் சித்தப்பா. 'ஆண் நான் இருக்கும்போது பெண்ணுக்கு ஏது பட்டம்?' என்பது அவர் வாதம்.

மன்னர்களின் இரட்டை நாக்கு

ஜோனின் கணவர் சார்லஸ், பிரெஞ்சு மன்னர் ஆறாம் பிலிப்பின் சகோதரி மகன். 1341 செப்டம்பரில் தீர்ப்பு ஜோன் பக்கம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், பெண்ணுக்கும் பெண்வழி வாரிசுக்கும் மகுடம் இல்லை என்று சொல்லித்தான் 1328-ல் பிலிப்பே அரியணை ஏறியிருந்தார்! அம்மா வழியில் பிரெஞ்சு மகுடத்தைக் கேட்ட இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டோ, இங்கே ஆண் வாரிசான மான்ட்ஃபோர்ட்டை ஆதரித்தார். இருவருக்குமே நியாயம் முக்கியமில்லை, பிரிட்டனிதான் முக்கியம்.

இரண்டு ஜோன்கள்

மான்ட்ஃபோர்ட் சிறைப்பட்டதும் அவர் மனைவி களத்தில் இறங்கினார். அவர் பெயரும் ஜோன்தான்! 1342-ல் என்போன் கோட்டையை முற்றுகையிட்டவர்களின் கூடாரங்களுக்கே தீ வைத்தார். 1347-ல் நம் ஜோனின் கணவர் ஆங்கிலேயரிடம் சிக்கினார். அவர் ஒன்பது ஆண்டுகள் சிறையில் கிடக்க, தன் தரப்பைத் தாங்கிப் பிடித்தவர் ஜோன்.

1345-ல் மான்ட்ஃபோர்ட் இறந்தும் சண்டை ஓயவில்லை. அவர் மகன் வளர்ந்து வந்தார். 1363-ல், நாட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ள சார்லஸ் சம்மதித்தார். ஜோன் மறுத்துவிட்டார். பிறப்பால் வந்த உரிமை அவருடையது. அதைப் பங்கு போட அவர் தயாராக இல்லை.

அந்தப் பிடிவாதத்துக்கு விலை பெரியது. 1364 செப்டம்பர் 29-ல் ஓரே போரில் சார்லஸ் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு கெராந்த் ஒப்பந்தம், மான்ட்ஃபோர்ட்டின் மகனையே டியூக்காக ஏற்றது. ஆண் வாரிசு இருக்கும்வரை பெண்ணுக்குப் பட்டம் இல்லை என்றும் எழுதப்பட்டது. ஜோனுக்கு மிஞ்சியது பென்தியெவ்ர் நிலமும், சாகும்வரை 'டச்சஸ்' என்ற வெறும் பட்டமும்.

1378-ல் பிரெஞ்சு மன்னர் ஐந்தாம் சார்லஸ் பிரிட்டனியைப் பறிமுதல் செய்வதாக அறிவித்தபோது, பிரபுக்கள் கொதித்தெழுந்தனர். தன் உரிமையும் சேர்ந்து பறிபோவதை ஜோனும் எதிர்த்தார். கணவரைக் கொன்ற தரப்பின் டியூக்கே 1379-ல் திரும்ப அழைக்கப்பட்டார். 1384-ல் ஜோன் கண்மூடினார்.

காலம் போட்ட கணக்கு வேறு. 1488-ல் மான்ட்ஃபோர்ட் வம்சத்து டியூக் ஒருவர் மகன் இல்லாமல் இறந்தார். அந்த நாற்காலியில் அமர்ந்தது அவருடைய 11 வயது மகள் ஆன். எந்த வம்சம் 'பெண்ணுக்கு ஏது பட்டம்?' என்று கேட்டதோ, அதே வம்சத்துப் பெண்!