குளிர்பெட்டி குளிர வைக்காது!

சென்ற மாதம் எங்கள் உழவர் குழுக் கூட்டத்தில் ஒரு வாழை விவசாயி எழுந்து கேட்டார். "சார், நம்ம காயை ஐஸ்பெட்டில வச்சுத்தானே கப்பல்ல ஏத்துனாங்க? அப்புறம் எப்படி முக்கால்வாசி வழியிலயே பழுத்துப்போச்சுன்னு சொல்லிப் பணத்தைப் பிடிக்கிறாங்க?"

அவர் தோட்டத்து ஜி9 வாழை வளைகுடா நாடு ஒன்றுக்குப் போனது. வாங்கியவர் அனுப்பிய நாலு போட்டோதான் சாட்சி. பாதிப் பணம் போச்சு. நான் வங்கியில் இருந்த காலத்தில் ஏற்றுமதி ஆவணங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன். இப்போது மண்வெட்டி பிடிக்கிறவன். ரெண்டு பக்கமும் நின்று பார்த்ததால் சொல்கிறேன்: அவர் கேட்ட கேள்விக்குள்ளேயே ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. நம்மில் பலருக்கும் அது உண்டு.

செத்த பொருளும் உயிருள்ள பொருளும்

சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது 1842-இல் ஐஸ் வைக்கக் கட்டிய கட்டடம். அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரியை அறுத்து, அந்தக் கட்டிகளைக் கப்பலில் இங்கே கொண்டுவந்தார்கள். 1882-இல் டனிடின் என்ற கப்பல், குளிரூட்டும் இயந்திரத்தின் உதவியோடு, நியூசிலாந்திலிருந்து உறைந்த ஆட்டிறைச்சியை 98 நாளில் இங்கிலாந்து கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்றிலிருந்து கடல்வழி உணவு வணிகமே மாறிப்போனது.

ஆனால் இறைச்சி செத்த பொருள். உறைய வைத்துவிட்டால் கிடக்கும். வாழைக்காய் அப்படி இல்லை. தாறு வெட்டிய பிறகும் அதற்கு உயிர் இருக்கிறது. மூச்சு விடுகிறது, அந்த மூச்சில் வெப்பம் வருகிறது. பழுக்கத் தொடங்கினால் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. அது பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கும்.

சரி, நல்லா குளிர வச்சுட்டா? அதுவும் முடியாது. 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வாழைக்குக் குளிர்க்காயம் வரும். தோல் சாம்பல் பூத்து, பிறகு ஒழுங்காகப் பழுக்காது. வீட்டு ஃபிரிட்ஜில் வைத்த வாழைப்பழம் கறுத்துப்போவது இதனால்தான். ஆகவே 13-லிருந்து 14 டிகிரி வரை. அந்த ஒற்றையடிப் பாதையில்தான் காய் கடல் தாண்ட வேண்டும்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது?

'ரீஃபர்' என்று சொல்லும் 40 அடிக் குளிர்பெட்டியில் சுமார் 20 டன் வாழைக்காய் ஏறும். முன்சுவரில் இயந்திரம். அது குளிர்காற்றைத் தரையில் இருக்கும் நீளவாக்குப் பள்ளங்கள் வழியாகத் தள்ளும். காற்று அட்டைப்பெட்டிகளின் துளைகள் வழியே மேலேறி, கூரையடியில் திரும்பி வந்து மறுபடி இயந்திரத்துக்குள் போகும்.

இங்கேதான் முக்கியமான விஷயம். இந்த இயந்திரம் ஏற்கெனவே குளிர்ந்த காயை அதே நிலையில் காப்பதற்காகச் செய்தது. தோட்டத்துச் சூட்டோடு 30 டிகிரியில் காயை ஏற்றினால் உடனே குளிராது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும், நாட்கணக்கில் ஆகும். அதற்குள் உள்ளே காய் பழுக்க ஆரம்பித்துவிடும்.

கெடுவது எங்கே?

முதலாவது, பேக்கிங் கூடம். வெட்டிய காயைச் சீப்பாக்கி, பால் போகக் கழுவி, முன்குளிர்ப்பு அறையில் வைத்துச் சூட்டை இறக்கிய பிறகே பெட்டியில் ஏற்ற வேண்டும். அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். முற்றல் கூடிய காயோ அடிபட்ட காயோ கலந்தாலும் ஆபத்து. இயற்கை விவசாயிக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். மற்றவர்கள் சீப்பின் காம்பு அழுகாமலிருக்கப் பூஞ்சணக்கொல்லியில் நனைப்பார்கள். நாம் அதைத் தொட முடியாது. சுத்தமான கத்தி, மாற்றிய தண்ணீர், படிகாரம், சீக்கிரக் குளிர்ப்பு, இவைதான் நம் மருந்து.

இரண்டாவது, அடுக்குவது. பெட்டிகளின் துளைகள் மேலும் கீழும் நேராக அமைய வேண்டும். உள்சுவரில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேல் அடுக்கக் கூடாது, காற்று திரும்ப வழியிருக்காது. தரையில் இடம் காலியாக விட்டால் காற்று அந்தச் சுலப வழியிலேயே ஓடிவிடும், காய்க்குள் போகாது.

மூன்றாவது, கரண்டு. லாரியில் ஜெனரேட்டர், துறைமுக யார்டில் பிளக், கப்பலில் பிளக் என்று கை மாறிக்கொண்டே போகும். தூத்துக்குடியில் ஏறும் பல பெட்டிகள் கொழும்பில் இன்னொரு கப்பலுக்கு மாறுகின்றன. ஒவ்வொரு கை மாறும்போதும் கரண்டு இல்லாத நேரம் உண்டு.

இதற்கு மேல் காலதாமதம். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதும், ஐரோப்பா போகும் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பயணம் ஒன்றிரண்டு வாரம் நீண்டது. காய்க்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

காகிதம் என்ன சொல்லும்?

கடன் உறுதிக் கடிதம், அதாவது எல்.சி., இருந்தால் வங்கி பணம் தரும். ஆனால் வங்கி காகிதத்தைத்தான் பார்க்கும், காயைப் பார்க்காது. சர்வதேச விதியே அதுதான். நானும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன். கப்பல் ரசீதில் என்ன டிகிரி வைக்கச் சொன்னார்கள் என்று இருக்கும். உள்ளே ஏற்றும்போது காய் எவ்வளவு சூடாக இருந்தது என்று இருக்காது. தாமதத்தால் வரும் நட்டத்துக்குச் சாதாரணக் கப்பல் காப்பீடும் பணம் தராது. விற்றபின் விலை என்ற பேச்சில் காய் போனால் எல்.சி.யும் இல்லை. கடைசி நட்டம் தாறு வெட்டியவன் தலையில்.

ஆனால் பொய் சொல்லாத சாட்சி ஒன்று உண்டு. குளிர்பெட்டி இயந்திரத்திலேயே ஒரு பதிவுக்கருவி இருக்கிறது. வெளியே போகும் காற்று எத்தனை டிகிரி, திரும்பி வரும் காற்று எத்தனை டிகிரி என்று நேரவாரியாகக் குறித்துவைக்கும். போகும் காற்று 13.5, திரும்பும் காற்று 22 என்றால், இயந்திரம் ஒழுங்கு, காய்தான் சூடு என்று அர்த்தம்.

நாங்கள் குழுவாகச் சேர்ந்து அந்தப் பதிவை எழுத்தில் கேட்டோம். முதலில் மழுப்பினார்கள். மூன்றாவது கடிதத்துக்கு வந்தது. திரும்பும் காற்று முதல் நாள் 24 டிகிரி, நாலாம் நாள்தான் 16-க்கு இறங்கியிருக்கிறது. தோட்டத்தில் தப்பு இல்லை. வாங்கியவரின் கூடத்தில் முன்குளிர்ப்பே நடக்கவில்லை. அதை வைத்து இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். போட்டோவுக்கு முன்னால் வாயடைத்து நின்றவர், இப்போது கையில் கணக்கோடு உட்கார்ந்திருக்கிறார்.

தாறு வெட்டுமுன் கேளுங்கள்

* விலை தோட்டத்திலேயே முடிவா, அங்கே போய் விற்றபின்னா? எழுத்தில் வாங்குங்கள்.
* முன்குளிர்ப்பு அறை இருக்கிறதா? ஏற்றும்போது காயின் உள்சூடு எத்தனை டிகிரி? ஊசி வெப்பமானியால் குத்திப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.
* பெட்டி எண் என்ன? போட்டோ எடுத்து வையுங்கள்.
* கெட்டுப்போனது என்றால் இயந்திரப் பதிவைத் தருவீர்களா?
* கப்பல் நிறுவனத்துக்கு யார் புகார் தருவது? கண்ணுக்குத் தெரியாத சேதம் என்றால், சரக்கை எடுத்த மூன்று நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்பது கப்பல் சட்டங்களின் பொது விதி. விட்டால் சரக்கு நல்லபடியாகச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கடல் தாண்டி விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து ஊர்ச் சந்தைக்கு முதல் பங்கு என்பது என் கட்சி, அது வேறு விஷயம். அனுப்புவதானால் தெரிந்து அனுப்புவோம். லாபம் அக்கரையிலும் நட்டம் இக்கரையிலும் நிற்பதற்குக் கடல் காரணமில்லை, நாம் கேட்காமல் விட்ட கேள்விகள்தான் காரணம்.