நடமாடும் கழிப்பறைப் பராமரிப்பு

நடமாடும் கழிப்பறை என்பது வேண்டிய இடத்திற்குக் கொண்டு சென்று நிறுத்தி, கழிவைத் தன் அடியிலுள்ள தொட்டியிலேயே சேர்த்து வைக்கும் கழிப்பறை ஆகும். சக்கரம் பொருத்திய வண்டி, தூக்கி வைக்கும் நெகிழிக் கூண்டு, கேரவன் வண்டியினுள் அமைந்த சிறு கழிப்பறை ஆகியவை இதன் வகைகள். பாதாளச் சாக்கடையுடன் இணைப்பு இல்லாததால், இதைத் துர்நாற்றமின்றி வைத்திருப்பது வீட்டுக் கழிப்பறையைக் காட்டிலும் கடினம். எனினும் அதற்கு விலையுயர்ந்த வேதிப்பொருள்கள் தேவையில்லை. காற்றோட்டம், அளவான நீர், சிறுநீர்ப் படிவை அகற்றுதல், தொட்டியை உரிய நேரத்தில் காலி செய்தல் ஆகிய நான்கும் முறையாக நடந்தால் குறைந்த செலவிலேயே தூய்மையைப் பேணலாம்.

தேவை

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் பலருக்கும் திரைப்படப் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் வண்டியே நினைவுக்கு வரும். ஆனால் நடமாடும் கழிப்பறையின் தேவை திருவிழாக்களிலும் பேரிடர்க் காலங்களிலும்தான் மிகுதி.

கடலூர் மாவட்டம் இவ்விரண்டுக்கும் எடுத்துக்காட்டு. சிதம்பரம் நடராசர் கோயிலில் ஆனித் திருமஞ்சனத்தின்போதும் மார்கழி ஆருத்ரா தரிசனத்தின்போதும் தேரோடும் நான்கு வீதிகளிலும் பெருங்கூட்டம் கூடுகிறது. மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் சிதம்பரத்தை அடுத்த கிள்ளையிலும் தீர்த்தவாரி நடைபெறுகிறது. ஓரிரு நாள் கூட்டத்திற்காக நிலையான கழிப்பறைகளைக் கட்டுவது இயலாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், 2015 வெள்ளம் ஆகியவற்றின்போது இம்மாவட்ட மக்கள் பலர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. பலர் ஒன்றாகத் தங்கும் இடங்களில் கழிப்பறை முதன்மைத் தேவையாகிறது.

கழிப்பறை இருந்தும் நாற்றம் தாங்காமல் மக்கள் ஒதுங்கிச் சென்றால் அது இருந்தும் பயனில்லை. இதனால் பெண்களே அதிகம் பாதிக்கப்படுகின்றனர். அருவருப்பினால் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்வதும் சிறுநீரை அடக்கிக்கொள்வதும் சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு இடமளிக்கும்.

துர்நாற்றத்தின் காரணம்

புதிதாகக் கழித்த சிறுநீருக்கு மணம் குறைவு. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் யூரியேசு என்னும் நொதியால் சிதைக்கும்போது அம்மோனியா வெளிப்படுகிறது. கண்ணையும் மூக்கையும் எரிக்கும் நெடி இதுவே. தொட்டியின் அடியில் காற்றுப் படாத கழிவிலிருந்து ஐதரசன் சல்பைடு உண்டாகிறது. இது அழுகிய முட்டை நாற்றம் கொண்டது. வெப்பம் கூடினால் இவ்வினைகள் வேகமெடுக்கும். எனவே கடலூர் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடலோர ஊர்களில் கழிப்பறையை வெயிலில் நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நாற்றம் எழும். மர நிழலிலோ பந்தலின் அடியிலோ நிறுத்துவது செலவில்லாத முதல் தீர்வு.

வாசனைத் திரவம் தெளிப்பதால் நாற்றத்தின் மூலம் நீங்காது. இரண்டு மணங்களும் கலந்து மேலும் குமட்டலை உண்டாக்குவதே பெரும்பாலும் நடக்கிறது.

காற்றோட்டம்

தொட்டியிலிருந்து கூரைக்கு மேல் உயரும் காற்றுக்குழாய் இன்றியமையாதது. காற்று குழாயின் வாயைக் கடக்கும்போது தொட்டியின் வாயுவை மேலே இழுக்கிறது. குழாய்க்குக் கருப்பு வண்ணம் பூசினால் வெயிலில் சூடேறி இழுவை கூடும். அதன் மேல்முனையில் வலை கட்டினால் ஈக்கள் தடுக்கப்படும். 1970களில் சிம்பாப்வேயில் உருவான காற்றோட்டக் குழிக் கழிப்பறை இந்தத் தத்துவத்தில் அமைந்ததே. கதவின் கீழும் மேலும் காற்றுப் புகும் இடைவெளி இருந்தால் உட்புறம் விரைவில் உலரும். உலர்ந்த தரையில் நாற்றம் குறைவு.

நீரின் அளவு

நீர் மிகுந்தால் தூய்மை மிகும் என்பது பொதுவான எண்ணம். நடமாடும் கழிப்பறையில் நீர் மிகுந்தால் தொட்டி விரைவில் நிரம்பி, காலி செய்யும் செலவு உயரும். சான்றாக, 1,000 லிட்டர் தொட்டியில் கால் பங்கை வெற்றிடமாக விட்டால் 750 லிட்டர் பயன்படும். ஒருவர் ஒரு முறைக்கு 2 லிட்டர் நீர் ஊற்றினால், கழிவையும் சேர்த்து ஏறத்தாழ 2.3 லிட்டர் சேரும். அப்போது 320 முறை பயன்படுத்தலாம். அதே தொட்டி 5 லிட்டர் ஊற்றினால் 140 முறையிலேயே நிரம்பிவிடும். எனவே பெரிய வாளிக்குப் பதிலாகச் சிறு குவளை வைப்பதும், சரிவு மிகுந்த கழிப்பறைக் கோப்பையைப் பொருத்துவதும், சொட்டும் குழாயை உடனே சரிசெய்வதும் நேரடிச் சேமிப்பாகும்.

காலி செய்த தொட்டியை வறண்ட நிலையில் விடாமல், அடி மூழ்கும் அளவு நீர் ஊற்றிய பின்பே பயன்பாட்டுக்குத் திறக்க வேண்டும். இல்லையெனில் கழிவு அடியில் ஒட்டிக் காய்ந்து, பின்னர் எளிதில் அகலாது.

மலிவான தூய்மைப் பொருள்கள்

சோப்புத் தூள் கரைசல்: தரை, சுவர், கோப்பை ஆகியவற்றின் அன்றாடத் துப்புரவுக்குச் சோப்புத் தூளும் தேய்க்கும் தூரிகையும் போதும். அழுக்கை முதலில் தேய்த்து நீக்காமல் கிருமிநாசினி ஊற்றுவது வீண்.

எலுமிச்சை உப்பு: சிட்ரிக் அமிலம் இப்பெயரில் மளிகைக் கடைகளில் கிடைக்கிறது. கோப்பையில் படியும் மஞ்சள் நிறச் சிறுநீர்ப் படிவே தொடர் நாற்றத்தின் இருப்பிடம். உவர்நீர் பயன்படுத்தும் இடங்களில் இப்படிவு விரைவில் தடிக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் கரைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் படிவு இளகும்.

பிளீச்சிங் பவுடர்: ஏறத்தாழ 30 விழுக்காடு குளோரின் கொண்ட பவுடரை ஒரு லிட்டர் நீருக்கு 15 கிராம் வீதம் கலந்தால் 0.5 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். கழுவிய தரை, தாழ்ப்பாள், கைப்பிடி, குழாய் ஆகியவற்றில் பூசிப் பத்து நிமிடம் விட வேண்டும். கரைசலை அன்றன்றே தயாரிப்பது நல்லது. இதைத் தொட்டிக்குள் கொட்டக் கூடாது.

பிளீச்சிங் பவுடரை எலுமிச்சை உப்பு, வினிகர், அமிலம் கலந்த கழிப்பறைத் திரவம் ஆகியவற்றுடன் சேர்த்தால் நச்சான குளோரின் வாயு வெளிவரும். தேங்கிய சிறுநீருடன் சேர்ந்தாலும் குளோரமின் என்னும் நச்சு வாயு உண்டாகும். ஒரு பொருளைப் பயன்படுத்திய பின் நன்கு நீர் ஊற்றிக் கழுவிவிட்டே மற்றொன்றைப் பயன்படுத்த வேண்டும். குறுகிய கூண்டினுள் இந்த எச்சரிக்கை உயிர் காப்பதாகும்.

கேரவன் கழிப்பறை

கேரவன் வண்டிகளில் பெரும்பாலும் 20 லிட்டருக்கு உட்பட்ட, கையால் இழுத்து எடுக்கத்தக்க கழிவுப் பெட்டி இருக்கும். இருவர் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காலி செய்ய நேரும். இதில் ஊற்றும் நீல நிறத் திரவங்கள் சிலவற்றில் பார்மால்டிகைடு உள்ளது. அது நாற்றத்தை அடக்கினாலும், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைக் கொல்வதால் கழிவுநீர்த் தொட்டிகளுக்கும் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் கேடானது. செலவைக் குறைக்க விரும்புவோர் நொதி கலந்த சலவைத் தூளைச் சிறிதளவு பயன்படுத்துகின்றனர். பெட்டியின் ரப்பர் வளையத்தைச் சோப்பு நீரால் மட்டும் துடைத்து, சிலிக்கோன் எண்ணெய் தடவ வேண்டும். வாசலின் ரப்பரை உப்பச் செய்யும். வளையம் பழுதானால் எந்தத் திரவமும் நாற்றத்தைத் தடுக்காது.

பிற வழிமுறைகள்

கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைத் தொட்டியிலேயே வளர்ப்பது மற்றொரு வழி. இராணுவ ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கிய தொழில்நுட்பத்தில் அமைந்த உயிரிக் கழிப்பறைகள் இந்திய ரயில் பெட்டிகளில் பொருத்தப்பட்டுள்ளன. முன்பு தண்டவாளத்தில் விழுந்த கழிவு, இப்போது பெட்டியின் அடியிலுள்ள தொட்டியிலேயே சிதைகிறது. இவ்வகைத் தொட்டியில் பினாயில், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றை அதிகம் ஊற்றினால் பாக்டீரியாக்கள் அழியும். நெகிழிப் புட்டி, குட்கா உறை, அணையாடை போன்றவற்றைப் போட்டால் அடைப்பு ஏற்படும். ஆகவே கழிப்பறையினுள் மூடியுள்ள குப்பைக்கூடை ஒன்று வைப்பது, அடைப்பு எடுக்கும் செலவைவிட மிக மலிவு.

சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே சேர்ப்பதும் நாற்றத்தைக் குறைக்கும். திருச்சிராப்பள்ளி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் தொண்டு நிறுவனம் இம்முறையிலான சூழல்நலக் கழிப்பறைகளைப் பரப்பியது. அதன் நிறுவனர் மராச்சி சுப்புராமன் 2021இல் பத்மசிறீ விருதுக்குத் தேர்வானார்.

காலி செய்தலும் பணியாளர் பாதுகாப்பும்

தொட்டி முக்கால் பங்கு நிரம்பியதும் கழிவுநீர் உறிஞ்சும் ஊர்தியின் மூலம் காலி செய்து, கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். வாய்க்காலிலோ கடற்கரையிலோ பிச்சாவரம் போன்ற உப்பங்கழியிலோ திறந்துவிட்டால் நீர்வழி நோய்கள் பரவும்.

தொட்டிக்குள் எக்காரணம் கொண்டும் ஆளை இறக்கக் கூடாது. ஐதரசன் சல்பைடு செறிவு கூடும்போது மூக்கின் மோப்ப உணர்வையே மழுங்கச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றுவதே பேராபத்தின் அறிகுறியாக இருக்கலாம். உள்ளே மயங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும் இறந்துபோன நிகழ்வுகள் பல. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், கழிவுநீர்த் தொட்டிகளை ஆபத்தான முறையில் துப்புரவு செய்ய ஆட்களை அமர்த்துவதையும் தடை செய்கிறது. இவ்வகை இறப்புகளுக்கான இழப்பீட்டை 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. கழிவுநீர்த் தொட்டி தொடர்பான உதவிக்கு 14420 என்ற எண் உள்ளது.

வெளிப்புறத் துப்புரவு செய்பவருக்கும் ரப்பர் கையுறை, முழங்கால் வரையிலான காலணி, முகக்கவசம், கை கழுவச் சோப்பு ஆகியவை வழங்கப்பட வேண்டும். சிக்கனம் என்ற பெயரில் குறைக்கக் கூடாத செலவு இது.