டிஸ்க்குக்குள் கருவி வைத்து 24 மணி நேரம் அளந்தனர்! தீராத இடுப்பு வலி: பல்கலைக்கழக ஆய்வுகள் சொல்வது என்ன?

குனிந்து 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கும்போது இடுப்பில் 'சுருக்'கென்று ஒரு பிடிப்பு. அன்றைக்குப் படுத்தவர், மூன்று மாதமாகியும் வலி போன பாடில்லை. ஸ்கேன் எடுத்தால், "ஜவ்வு விலகியிருக்கு" என்று ஒரு வரி. அதோடு குனியப் பயம், உட்காரப் பயம், பேரப்பிள்ளையைத் தூக்கக்கூடப் பயம்!

இப்படி ஒரு வீட்டில் ஒருவராவது இருப்பார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ம் ஆண்டில் இடுப்பு வலியால் அவதிப்பட்டவர்கள் 61 கோடியே 90 லட்சம் பேர். 2050-ல் இது 84 கோடியே 30 லட்சமாக உயரும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. உலகத்தில் மனிதர்களை அதிகம் முடக்கிப் போடும் கோளாறு இதுதான்.

நிற்கும்போதும் உட்காரும்போதும் முதுகுக்குள் என்னதான் நடக்கிறது? உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் முதுகுக்குள்ளேயே கருவியை வைத்து இதை அளந்து பார்த்திருக்கிறது ஒரு பல்கலைக்கழகக் குழு.

ஐன்ஸ்டீன் பிறந்த ஊரில்...

ஜெர்மனியில் டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள நகரம் உல்ம். விஞ்ஞானி ஐன்ஸ்டீன் பிறந்த ஊர். இங்குள்ள உல்ம் பல்கலைக்கழகத்தில், உடம்பின் எலும்பு, தசை, மூட்டு ஆகியவை எவ்வளவு பாரம் தாங்குகின்றன, எப்படி அசைகின்றன என்பதை ஆராயும் 'பயோமெக்கானிக்ஸ்' பிரிவு இருக்கிறது. ஹான்ஸ்-யோவாகிம் வில்கே தலைமையிலான குழு செய்த அந்தச் சோதனையின் முடிவுகள் 1999-ல் வெளியாகின.

நமது முதுகெலும்புகளுக்கு நடுவே மொத்தம் 23 டிஸ்க்குகள் உள்ளன. இதைத்தான் நாம் ஜவ்வு என்கிறோம். சுற்றிலும் நார் வளையங்கள், நடுவில் ஜெல்லி மாதிரி ஒரு பகுதி. இடுப்பில் கடைசிக்கு முந்தின டிஸ்க்கின் நடுப்பகுதிக்குள் 1.5 மில்லிமீட்டர் கனமே உள்ள அழுத்தமானியைச் செலுத்தினார்கள். இதற்கு சம்மதித்தவர் முதுகு நல்ல நிலையில் இருந்த, 70 கிலோ எடையுள்ள 45 வயது ஆண்.

சுமார் 24 மணி நேரம் அந்தக் கருவியோடு அவர் நடந்தார், மெதுவாக ஓடினார், மாடிப்படி ஏறினார், சிரித்தார், தும்மினார், பாரம் தூக்கினார், கடைசியில் தூங்கவும் செய்தார்! அத்தனையும் பதிவானது.

எண்கள் சொன்ன கதை

டிஸ்க்குக்குள் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் இருந்த அழுத்தம் ஏறத்தாழ இவ்வளவு:

* குப்புறப் படுத்திருந்தபோது - 1 கிலோ

* ஒருக்களித்துப் படுத்தபோது - 1.2 கிலோ

* நாற்காலியில் தளர்வாகச் சரிந்து உட்கார்ந்தபோது - 3 கிலோ

* சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தபோது - 4.7 கிலோ

* இயல்பாக நின்றபோது - 5 கிலோ

* முன்பக்கம் குனிந்து நின்றபோது - 11 கிலோ

* 20 கிலோ பாரத்தை உடம்போடு அணைத்தபோது - 11 கிலோ

* அதே பாரத்தை முழங்காலை மடக்கித் தூக்கியபோது - 17 கிலோ

* அதே பாரத்தை முதுகை வளைத்துத் தூக்கியபோது - 23 கிலோ

ஒரு சாதாரண கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் இதே அளவில் 2 கிலோ சொச்சம்தான். அதைப்போல பத்து மடங்கை நம் இடுப்பு ஜவ்வு தாங்குகிறது! 20 கிலோ என்பது வீட்டுக்கு வரும் ஒரு தண்ணீர் கேனின் எடைதான். அதே கேன், அதே ஆள். தூக்குகிற விதத்தில் மட்டும் இவ்வளவு வித்தியாசம்.

உட்கார்ந்தால் ஆபத்தா?

இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. சுவீடன் நாட்டின் கோதன்பர்க் நகர எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், 1960-களிலேயே டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தவர். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்பது அவரது முடிவு. அவரது அளவுகளை வைத்துப் போட்ட படம், உலகம் முழுக்க பிசியோதெரபி பாடங்களில் இடம் பிடித்தது.

உல்ம் குழுவுக்குக் கிடைத்ததோ நேர்மாறு. உட்காரும்போது அழுத்தம் நிற்பதைவிட சற்றுக் குறைவு. சரிந்து உட்கார்ந்தால் இன்னும் குறைவு. ஆனால் இது ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு. அதே 1999-ல் பலரிடம் அளந்து பார்த்த ஜப்பானின் புகுஷிமா குழுவுக்கு, உட்காரும்போதுதான் அழுத்தம் கூடுதலாக வந்தது. எனவே 'இப்படித்தான் உட்கார வேண்டும்' என்று அடித்துச் சொல்ல முடியாது.

பிறகு எதைத்தான் பிடித்துக்கொள்வது? விடை ராத்திரியில் இருந்தது.

ராத்திரியில் ஊறும் பஞ்சு

தூங்கப் போகும்போது 1 கிலோவாக இருந்த அழுத்தம், 7 மணி நேரத் தூக்கத்துக்குப் பிறகு 2.4 கிலோவாக ஏறியிருந்தது. காரணம், பாரம் இறங்கியதும் டிஸ்க் பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சி ஊறுகிறது. பகலில் பாரம் ஏற ஏற அது மறுபடி வெளியே பிழியப்படுகிறது. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருப்பதும் இதனால்தான்.

டிஸ்க்கின் உட்பகுதிக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. இந்த நீர்ப்போக்குவரத்து அதற்குச் சாப்பாடு போய்ச் சேர உதவுகிறது. ஆகவே ஒரே நிலையில் கிடக்காமல் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பதுதான் முக்கியம் என்றது உல்ம் குழு. நாள் முழுக்க நிமிர்ந்தே உட்கார்ந்தாலும் சரி, சரிந்தே கிடந்தாலும் சரி, அசையாமல் இருப்பதுதான் கெடுதல்.

காலையில் எழுந்ததும் ஜவ்வு ஊறி விறைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் குனிவதைத் தவிர்க்கச் சொன்னபோது, நாள்பட்ட வலிக்காரர்களுக்கு வலி குறைந்ததாக 1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. எழுந்த கையோடு குனிந்து குடம் தூக்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

அழுத்தம்தான் வலியா?

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அழுத்தம் கூடினால் வலி கூடும் என்று நினைப்பது சகஜம். ஆனால் புகுஷிமா குழு இடுப்பு வலி உள்ள 28 நோயாளிகளிடமும் அளந்தது. டிஸ்க் தேயத் தேய உள்ளே இருக்கும் அழுத்தம் குறைந்துதான் இருந்தது! அழுத்தம் வேறு, வலி வேறு.

ஸ்கேன் கதையும் அப்படித்தான். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வெளியானது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. அத்தனை பேரும் ஒரு வலியும் இல்லாமல் நடமாடியவர்கள். தலை நரைப்பது மாதிரி ஜவ்வும் நரைக்கிறது, அவ்வளவுதான்.

அதற்காக முதுகை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம் என்றும் அர்த்தமில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் குழு, பன்றியின் முதுகெலும்புத் துண்டுகளை எந்திரத்தில் பொருத்தி ஆயிரக்கணக்கான முறை வளைத்துப் பார்த்தது. அதிக பாரம் இல்லாதபோதும் டிஸ்க் பிதுங்கியது. ஆனால் அது உயிரற்ற சதை. உயிருள்ள உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், பழகப் பழகப் பலப்படும்.

தாமதமாக விழிக்கும் தசை

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. இடுப்பு வலி உள்ள 15 பேர், இல்லாத 15 பேர். எல்லோரையும் சட்டென்று கையை அசைக்கச் சொன்னார்கள்.

வலி இல்லாதவர்களுக்கு, கை அசைவதற்கு முன்பே வயிற்றின் ஆழத்தில் உள்ள தசை இறுகி முதுகுக்கு முட்டுக் கொடுத்தது. வலி உள்ளவர்களுக்கு அந்தத் தசை தாமதமாகத்தான் விழித்தது. கோளாறு எலும்பில் மட்டும் இல்லை, தசைக்குக் கட்டளை போகும் விதத்திலும் இருக்கிறது என்பது புரிந்தது.

உடனே 'அந்தத் தசைக்கு மட்டும் தனிப் பயிற்சி' என்ற வகுப்புகள் பெருகின. ஆனால் பிறகு ஒப்பிட்டுப் பார்த்ததில், மற்ற உடற்பயிற்சிகளைவிட அது பெரிதாக ஜெயிக்கவில்லை. எந்தப் பயிற்சி என்பதைவிட விடாமல் செய்வதுதான் பலன் தருகிறது.

படுத்தால் போகுமா?

போகாது! பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களில் திடீர் இடுப்பு வலி வந்த 186 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 2 நாள் படுக்கை ஓய்வு, ஒரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி, இன்னொரு பிரிவுக்கு முடிந்தவரை வழக்கமான வேலை. 1995-ல் வெளியான முடிவு இது: வேகமாகத் தேறியவர்கள் வழக்கமான வேலையைச் செய்தவர்கள். ரொம்பத் தாமதமாகத் தேறியவர்கள் படுத்துக் கிடந்தவர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், பயத்தைப் போக்கும் மனநல ஆலோசனை, மசாஜ் ஆகியவற்றுக்கு அது பச்சைக்கொடி காட்டியது. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் 'டிராக்ஷன்' போன்றவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

செய்ய வேண்டியது என்ன?

* அரை மணிக்கு ஒரு முறையாவது எழுந்து நாலு அடி நடங்கள்.

* பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.

* வலி இருந்தாலும் முடிந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

* ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தையைப் பார்த்து மிரள வேண்டாம். அதன் அர்த்தத்தை டாக்டரிடமே கேளுங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, கால் பலமிழந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப் போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீழே விழுந்த பிறகு வந்த கடும் வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்கு வரும் புது வலி ஆகியவற்றையும் அலட்சியம் செய்யக்கூடாது.

ஆனால் இடுப்பு வலிக்காரர்களில் 10-ல் 9 பேருக்கு, இதுதான் காரணம் என்று ஒரு நோயைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. கார் டயரைப்போலப் பத்து மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் ஜவ்வு கண்ணாடிப் பாத்திரம் அல்ல. பயந்து அசையாமல் கிடப்பதைவிட, அடிக்கடி நிலை மாற்றி அசைவதுதான் அதற்கு நல்லது என்பது குறிப்பிடத்தக்கது.