வயலுக்கு ஒரு பெயர்

அயர்லாந்தின் மிகச் சிறிய அதிகாரபூர்வ நிலப்பிரிவு 'டவுன்லேண்ட்'. தீவு முழுவதும் 60,000க்கும் மேற்பட்டவை உண்டு. 1824இல் தொடங்கிய நில அளவைப் பணியின்போது இவற்றின் பெயர்களை விசாரித்துப் பதிவு செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு டவுன்லேண்டுக்குள்ளும் இருந்த வயல்களின் பெயர்கள் பெரும்பாலும் வரைபடம் ஏறவில்லை. மாடு எங்கே மேய்கிறது, எந்த வேலி சாய்ந்துகிடக்கிறது என்று வீட்டில் பேசிக்கொள்ளும்போது மட்டுமே அவை புழங்கின.

இன்றுள்ள வேலியிட்ட வயல்களில் பல 18, 19ஆம் நூற்றாண்டுகளில் உருவானவை. ஆனால் பெயரில் உள்ள சொற்கள் பழையவை. ஐரிஷ் மொழியில் 'கொர்ட்' என்றால் பயிரிடும் நிலம், 'பார்க்' என்றால் அடைப்புள்ள வயல், 'டொபர்' என்றால் கிணறு. மக்கள் ஆங்கிலத்துக்கு மாறிய பிறகும் இச்சொற்கள் உருத்திரிந்து வயல்களில் ஒட்டிக்கொண்டன. சுண்ணாம்புக் காளவாய், கொல்லன் பட்டறை, முன்பு குத்தகைக்கு இருந்தவர் என்று அருகில் இருந்த எதுவும் பெயராகும்.

பரப்பளவும் பெயராவதுண்டு. 'ஐந்து ஏக்கர்' என்று அழைக்கப்படும் வயலை இன்று அளந்தால் எட்டு ஏக்கர் வரலாம். பெயரில் பிழையில்லை. பழைய ஐரிஷ் ஏக்கர் இன்றைய ஏக்கரைப் போல 1.62 மடங்கு பெரியது.

வரலாற்றுக்கு மிகவும் பயன்படுபவை 'லிஸ்', 'கில்லீன்' என்னும் சொற்கள் கலந்த பெயர்கள். லிஸ் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட்டமாக மண்கரை எழுப்பிக் கட்டிய பண்ணைக் குடியிருப்பு. அங்கே தேவதைகள் வசிப்பதாக நம்பியதால் உழவர்கள் அதில் ஏர் பூட்டத் தயங்கினார்கள். கில்லீன், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைப் புதைத்த இடம். தேவாலயக் கல்லறையில் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. மண்கரை இடிபட்டு, அடையாளக் கற்கள் புதைந்துபோன பிறகு, அங்கே என்ன இருந்தது என்பதற்கு வயலின் பெயரே சாட்சியாக நிற்கக்கூடும். இப்படிப்பட்ட பெயர் ஒன்று மறைவது, ஓர் ஆவணம் எரிந்துபோவதற்குச் சமம்.

டிராக்டர் திரும்ப இடம் வேண்டி உயிர்வேலியை அகற்றினால் இரண்டு வயல் ஒன்றாகும், ஒரு பெயர் போகும். மானிய விண்ணப்பத்தில் நிலத்துக்கு எண் இருந்தால் போதும். மீத், லவுத் மாவட்டங்களில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் விவசாயிகளிடம் கேட்டுப் பெயர்களைத் தொகுத்தார்கள். மீத் தொகுப்பு 2013இல் நூலாக வந்தது. மற்ற மாவட்டங்களிலும் பெயர் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே இந்த வேலை முடிய வேண்டும்.