வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

தமிழகத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ கண்டிப் பகுதிக்குத் திரும்பி வந்துள்ள குடும்பங்கள் பல கடிதங்களையும் படிவங்களையும் சந்திக்க வேண்டியிருக்கிறது. அவற்றுள் வரி தொடர்பானவையும் உண்டு. வங்கியிலோ பிரதேச சபையிலோ டின் இலக்கம் கேட்டிருக்கலாம். நிரந்தர வைப்பின் வட்டியில் ஒரு தொகை கழிக்கப்பட்டிருக்கலாம். அப்போது, "நான் செய்து தருகிறேன், இவ்வளவு தாருங்கள்" என்று ஒருவர் முன்வருவார். அவர் கேட்கும் தொகை நியாயமானதா என்று அறிவதற்கு இக்கட்டுரை உதவும்.

முதலில், பணம் கொடுக்கத் தேவையில்லாதவை

டின் இலக்கம் என்பது வரி செலுத்துனர் அடையாள இலக்கம். அதை உள்நாட்டு இறைவரித் திணைக்களம் இலவசமாக வழங்குகிறது. 2024 சனவரி முதல் 18 வயது நிறைந்தவர்கள் இதற்குப் பதிவுசெய்ய வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரியாவிட்டால் கண்டியிலுள்ள பிராந்திய அலுவலகத்தில் கேட்கலாம். யாராவது தட்டச்சு செய்து கொடுத்தால் அந்த வேலைக்கும் பிரதி எடுப்பதற்கும் சிறு கூலி கொடுப்பது வேறு விடயம். "டின் இலக்கத்துக்கு அரசாங்கக் கட்டணம்" என்று ஒருவர் சொன்னால் அது உண்மையல்ல.

டின் இலக்கம் எடுத்தால் வரி கட்ட வேண்டும் என்பதும் உண்மையல்ல. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,800,000 ரூபா வரையான வருமானத்துக்கு வரி இல்லை. மாதக் கணக்கில் அது 150,000 ரூபா. அதற்கு மேற்பட்ட முதல் 1,000,000 ரூபாவுக்கு 6 வீதம். உதாரணமாக, கம்பளையில் கடை வைத்திருக்கும் ஒருவரின் ஆண்டு வருமானம் செலவு போக 2,100,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு உட்படுவது 300,000 ரூபா. வரி 18,000 ரூபா. இந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்த்தால், மற்றவர் சொல்லும் தொகை சரியா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

கட்டணம் எப்படி உருவாகிறது?

வருமான வரி விவரத்திரட்டை நிரப்பிக் கொடுப்பதற்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு கட்டணப் பட்டியல் நம் நாட்டில் இல்லை. பட்டயக் கணக்காளர், கணக்கு எழுதுபவர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், தொடர்பாடல் நிலையம் நடத்துபவர் என ஒவ்வொருவரும் தமக்கேற்ற தொகையைக் கேட்கிறார்கள். அந்தத் தொகைக்கு அவர்கள் பெரும்பாலும் கூறும் காரணங்கள் இவை.

வேலையின் அளவு. சம்பளம் மட்டும் உள்ளவரின் விவரத்திரட்டு எளிது. சம்பளம், வீட்டு வாடகை, வட்டி, சிறு வியாபாரம் என்று நான்கு வழிகளில் வருமானம் உள்ளவருக்கு நேரம் கூடுதலாகும். இது நியாயமான காரணம்.

ஆவணங்களின் நிலை. பற்றுச்சீட்டுகளை ஒரு பையில் அள்ளிக்கொண்டு போனால் அவற்றைப் பிரித்து அடுக்குவதற்கும் நீங்களே பணம் கொடுக்கிறீர்கள். மாதவாரியாக அடுக்கிக் கொண்டு போனால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

தகைமையும் பொறுப்பும். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினர் ஒருவர் ஒழுக்கக் கோவைக்குக் கட்டுப்பட்டவர். அவர் தவறினால் நிறுவகத்திடம் முறையிடலாம். அவர் கூடுதலாகக் கேட்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் ஒரேயொரு வைப்புக் கணக்கு மட்டும் உள்ள குடும்பத்துக்கு அந்த அளவு தகைமை தேவைப்படாமல் இருக்கலாம்.

காலம். நம் வரிமதிப்பாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. விவரத்திரட்டை அடுத்து வரும் நவம்பர் 30 க்குள் கொடுக்க வேண்டும். நவம்பரில் எல்லாரும் ஓடி வருவதால் விலை ஏறும். ஆகஸ்டிலேயே போனால் பேரம் பேச இடமிருக்கும்.

மொழி. "கடிதம் சிங்களத்தில் வந்திருக்கிறது, மொழிபெயர்க்க வேண்டும்" என்று தனியாகக் கேட்பவர்கள் உண்டு. செய்த வேலைக்குக் கூலி நியாயம்தான். ஆனால் தமிழும் அரச கரும மொழி. கண்டியில் இருந்தாலும் அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெற அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. மொழிபெயர்ப்புக்குப் பணம் கொடுக்கும் முன் திணைக்களத்திடம் தமிழில் கேட்டுப் பாருங்கள்.

வீதக் கணக்கில் கேட்டால் கவனம்

"திரும்பக் கிடைக்கும் பணத்தில் 20 வீதம் எனக்கு" என்று சிலர் கேட்கிறார்கள். கையிலிருந்து முன்பணம் போகாததால் இது இலாபமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டு வட்டி 300,000 ரூபா என்றால், 10 வீத நிறுத்திவைத்தல் வரியாக வங்கி 30,000 ரூபா கழித்திருக்கும். வேறு வருமானம் இல்லையென்றால் அந்த 30,000 ரூபாவை மீளக் கேட்கலாம். அதில் 20 வீதம் 6,000 ரூபா. வட்டி 30,000 ரூபா மட்டும் உள்ள பக்கத்து வீட்டுக்காரர் இதே ஆளுக்குக் கொடுப்பது 600 ரூபா. இரண்டுக்கும் நிரப்பும் படிவமும் செய்யும் வேலையும் ஒன்றே. அப்படியானால் அந்த 6,000 ரூபா வேலைக்கான கூலி அல்ல.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மீளப்பெறும் தொகை கூடினால் எழுதுபவரின் பங்கும் கூடும். ஆகவே இல்லாத செலவை எழுதவோ இருக்கும் வருமானத்தை மறைக்கவோ அவருக்கு ஆசை வரும். பின்னர் திணைக்களம் விசாரித்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அமெரிக்காவின் வரித் திணைக்களம்கூட, மீளக் கிடைக்கும் தொகையில் வீதம் கேட்பவர்களைத் தவிர்க்குமாறு மக்களுக்குச் சொல்கிறது.

மேலே சொன்ன குடும்பத்துக்கு இதைவிட எளிய வழி உண்டு. மொத்த ஆண்டு வருமானம் 1,800,000 ரூபாவைத் தாண்டாதவர், டின் இலக்கத்துடன் ஒரு சுய பிரகடனத்தை வங்கியில் கொடுத்தால் வட்டியில் வரி கழிப்பதை நிறுத்தலாம். கழிக்காத பணத்தை மீட்டுத் தர யாரும் தேவையில்லை.

இந்தியாவில் செய்த ஏற்பாடு

இந்தியாவில் 2006 ஆம் ஆண்டு வரி விவரம் தயாரிப்போருக்கென ஒரு திட்டம் கொண்டுவரப்பட்டது. பயிற்சி பெற்ற பட்டதாரிகள் சிறு வருமானக்காரர்களுக்கு விவரத்தைத் தயாரித்துக் கொடுப்பார்கள். மக்களிடம் அவர்கள் வாங்கக்கூடிய உச்சத் தொகை 250 இந்திய ரூபாவாக இருந்தது. நம் நாட்டில் அப்படி ஓர் உச்ச வரம்பு இல்லை. ஆகவே விலையை முன்கூட்டிப் பேசி முடிப்பதுதான் நமக்குள்ள பாதுகாப்பு.

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்

1. மொத்தக் கட்டணம் எவ்வளவு? அதில் என்னென்ன வேலை அடங்கும்? ஒரு தாளில் எழுதித் தர முடியுமா?
2. பின்னர் திணைக்களம் கடிதம் அனுப்பினால் அதற்குப் பதில் எழுதுவதும் இந்தக் கட்டணத்தில் சேருமா?
3. உங்கள் பெயரையும் விவரத்தையும் விவரத்திரட்டில் தயாரித்தவராகப் பதிவீர்களா? இதற்கு மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.
4. பற்றுச்சீட்டும், சமர்ப்பித்த விவரத்திரட்டின் பிரதியும் தருவீர்களா?

வேறு இரண்டு மூன்று பேரிடமும் இதே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். கண்டி நகரில் கேட்கும் விலையும் நாவலப்பிட்டியிலோ தெல்தோட்டையிலோ கேட்கும் விலையும் வேறுபடலாம். பஸ் கட்டணத்தையும் ஒரு நாள் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். கடவுச்சொல்லைப் பிறரிடம் விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள். தேசிய அடையாள அட்டையின் மூலப் பிரதியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். மீளக் கிடைக்கும் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். வேறொருவரின் கணக்கு இலக்கத்தை எழுத இடம் கொடுக்காதீர்கள். "உள்ளே ஓர் ஐயாவுக்குக் கொடுக்க வேண்டும்" என்று தனியாகப் பணம் கேட்டால் அது கட்டணம் அல்ல, இலஞ்சம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

வரி பற்றிய சந்தேகங்களை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 என்ற இலக்கத்தில் கேளுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரியாவிட்டால் அரச தகவல் நிலையத்தின் 1919 க்கு அழைக்கலாம். திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தால், வருமானம் குறைவு என்று எண்ணி அதை ஒதுக்கி வைக்காமல், கடிதத்திலுள்ள திகதிக்கு முன்னரே விசாரியுங்கள். வந்த கடிதம், கொடுத்த பிரதி, பற்றுச்சீட்டு ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அந்தக் கோப்புடன் போனால் எழுதுபவரின் வேலை குறையும், கேட்கும் கட்டணத்தைக் குறைத்துப் பேச உங்களுக்கும் காரணம் இருக்கும்.