சீனியர் வக்கீலும் ஒரு நாள் ஃப்ரெஷர்தான்!

டிப்ளமோ முடித்துவிட்டு நேராக செகண்ட் இயர் இன்ஜினீயரிங்கில் வந்து உட்காரும் 'லேட்டரல் என்ட்ரி' மாணவர்களைப் பார்த்திருப்பீங்க. சப்ஜெக்ட்டில் புலியா இருப்பாங்க. ஆனா, வகுப்பில் செட்டு எல்லாம் ஃபர்ஸ்ட் இயர்லயே சேர்ந்திருக்கும். கேன்டீனில் யார் பக்கத்துல உட்காருறதுன்னு தெரியாம முழிப்பாங்க. பதினைந்து வருஷம் வாதாடிய வக்கீல்களுக்கும் இதே கதைதான்னா நம்புவீங்களா?

மும்பை, டெல்லி தொடங்கி லண்டன், நியூயார்க் வரை பெரிய லா ஃபர்ம்கள் அனுபவசாலிகளை வேறு ஃபர்மில் இருந்து கூட்டிக்கிட்டு வருவது சகஜம். அதுக்குப் பேரே 'லேட்டரல் ஹயரிங்'தான். கேபின், விசிட்டிங் கார்டு, லேப்டாப் எல்லாம் முதல் நாளே ரெடி. அப்புறம்? "அவருக்குத் தெரியாததா!" என்று எல்லோரும் விலகிப் போயிடுவாங்க. சிக்கலே அங்கதான்!

பழைய ரகசியம்... பத்திரம்!

ஐ.டி. கம்பெனி மாறுவது போல வக்கீல் சட்டுனு மாறிட முடியாது. ஒரு தரப்புக்காக மனு எழுதிக் கொடுத்தவர், அதே வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. கட்சிக்காரர் நம்பிச் சொன்ன ரகசியத்தை, வேலை முடிந்த பிறகும் காப்பாற்றணும். பாரதிய சாக்ஷிய அதிநியம் 2023, பிரிவு 132 இதைத்தான் சொல்லுது. அதனால, ஆள் வருவதற்கு முன்பே, அவர் யாருக்காக, யாரை எதிர்த்து வேலை பார்த்தார் என்று சரிபார்ப்பது புது ஃபர்மின் முதல் வேலை.

கட்சிக்காரர்களும் மறுநாளே பின்னாடி வந்துட மாட்டாங்க. கோர்ட்டில் ஏற்கெனவே ஒருவர் வக்காலத்து போட்டிருந்தால், அவர் சம்மதமோ, கோர்ட் அனுமதியோ வேணும். அதுவரை புதியவரைச் சும்மா உட்கார வைக்காம, ஃபர்மின் சொந்த வழக்குகளில் சேர்த்துக்கிட்டா அவருக்கும் தெம்பு, ஃபர்முக்கும் லாபம்.

காசு மட்டும் போதுமா?

நியூயார்க்கில் 'டூயி அண்ட் லெபோஃப்' என்று ஒரு பிரமாண்ட ஃபர்ம். வெளியிலிருந்து வந்த பார்ட்னர்கள் உட்பட பலருக்கும் பெரிய தொகையை உத்தரவாதமாகக் கொடுத்தது. வருமானம் ஈடு கொடுக்கலை. 2012 மே மாதம் திவால்! பணத்தைக் காட்டி ஆளைச் சேர்ப்பது பாதி வேலைகூட இல்லை.

மீதி வேலை ரொம்பச் சின்னது. ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து, ஆறு ஆறு நிமிஷமாக வேலைக் கணக்கு எழுதும் ஃபர்ம்கள் உண்டு. தனியா பிராக்டீஸ் பண்ணிட்டு வந்தவருக்கு அது தலைசுற்றல். ஆனா, நேற்றுச் சேர்ந்த ஜூனியரிடம் போய், "இதை எப்படிப்பா போடுறது?" என்று கேட்க அவருக்குக் கூச்சம். கேட்க மாட்டார். அதனால கேட்காமலே சொல்லித் தரணும். அந்த ஃபர்மிலேயே இருக்கும் ஒரு பார்ட்னர் துணைக்கு இருந்து, முக்கியமான கட்சிக்காரர்களிடம் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தணும். முதல் மாசம், மூணாவது மாசம், ஆறாவது மாசம் உட்கார்ந்து பேசணும்.

நமக்கு என்ன பாஸ்?

இருக்கே! லா காலேஜ் முடித்து நீங்க ஜூனியரா போற இடத்துக்கு இப்படி ஒரு சீனியர் வரலாம். அப்போ...

* ஃபைல் எங்கே, டைப்பிங்குக்கு யார், எந்த பில்லுக்கு யார் கையெழுத்து... ஒரே பேப்பரில் எழுதி முதல் நாளே கொடுங்க.
* "சார், லஞ்சுக்கு வாங்களேன்", "மேடம், காபி?" என்று நீங்களே கூப்பிடுங்க.
* பழைய ஆபீஸ் கேஸ் பற்றி மட்டும் ஆர்வத்தில்கூடக் கிளறாதீங்க. வாய் தவறி அவர் சொல்லும் ஒரு வார்த்தை, அவர் மேல் பார் கவுன்சில் நடவடிக்கை வரை கொண்டுபோகும்!

இந்த மூணையும் செய்து பாருங்க. பதினைந்து வருஷ அனுபவத்தை உங்களுக்குச் சொல்லித்தர, அந்த ஆபீஸில் அவர் முதலில் தேடுற ஆள் நீங்களாத்தான் இருப்பீங்க!